120 டெசிபலும் ஒரு லென்ஸும்

மயிலம் சாலை நெடுஞ்சாலையோடு சேரும் கூட்டேரிப்பட்டில், இரவில் ஒரு கண்காணிப்புக் கேமராவுக்கு இரண்டு வேலை. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டில் படம் வெளுத்துப் போகக் கூடாது. அந்த விளக்கை ஒட்டியிருக்கும் நம்பர் பிளேட்டும் சாலையோர இருட்டில் நிற்கும் ஆளும் தெரிய வேண்டும். இத்தகைய இடங்களுக்குச் சந்தை காட்டும் விடை, இருட்டையும் பிரகாசத்தையும் ஒரே படத்தில் பதியும் எச்.டி.ஆர். சென்சார். கேமரா வியாபாரத்தில் டபிள்யூ.டி.ஆர். என்பார்கள். பெட்டியில் 120 டெசிபல் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது சென்சாரின் திறன்; கேமராவின் திறன் அல்ல. இரண்டுக்கும் நடுவே லென்ஸ் இருக்கிறது.

120 டெசிபல் என்றால், ஒரே காட்சியின் மிக மங்கலான புள்ளிக்கும் மிகப் பிரகாசமான புள்ளிக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வேறுபாட்டைப் பதிய முடியும் என்று பொருள். குறுகிய நேரப் பதிவையும் நீண்ட நேரப் பதிவையும் இணைத்தோ, ஒரு பிக்சலையே பெரிதும் சிறிதுமாகப் பிரித்தோ இதைச் சாதிக்கிறார்கள். லென்ஸுக்கு அப்படிப்பட்ட உத்தி எதுவும் இல்லை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆறு கண்ணாடிகள் கொண்ட லென்ஸில் பன்னிரண்டு பரப்புகள்; அவற்றுள் ஒளி இருமுறை எதிரொளித்துச் சென்சாரை அடைய 66 வழிகள் உண்டு. 1935இல் ஜைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் அதன் வழிவந்த பல அடுக்குப் பூச்சுகளும் இந்த இழப்பை வெகுவாகக் குறைத்தன, ஒழித்துவிடவில்லை. லென்ஸ் குழலின் உட்சுவரும் கண்ணாடி விளிம்புகளும் சிதறடிக்கும் ஒளி வேறு. எல்லாம் சேர்ந்து படத்தின் கருமை மேல் மெல்லிய வெண்திரையாகப் படிகிறது; இதுவே ஒளிக்கசிவு.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மயிலம் மலைக்கோயில் போன்ற ஓர் இடத்தில், மண்டபத்துக்குள்ளிருந்து வாசலை நோக்கிக் கேமரா வைப்பதாகக் கொள்வோம். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், உள்ளே 50 லக்ஸ்: 2,000 மடங்கு, அதாவது சுமார் 66 டெசிபல். வாசல் வெளிச்சம் படத்தில் கால்வாசியை நிரப்புகிறது. லென்ஸின் ஒளிக்கசிவு 2 சதவீதம் என்றால், இருண்ட பகுதியின் மேல் படிவது வெளி வெளிச்சத்தில் இருநூறில் ஒரு பங்கு. உள்ளே நிற்பவர் முகத்திலிருந்து வருவதோ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. முகத்தின் ஒளி ஒன்று. அதை மூடும் திரை பத்து. இங்கே 120 டெசிபல் தேவையே இல்லை. பாதிக்குச் சற்று மேல் போதும். வீணாவது லென்ஸில்தான்.

திரையை மென்பொருள் கழித்துவிடாதா? சராசரியைக் கழிக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பங்கு ஒளி கொண்டுவந்த இரைச்சல் படத்திலேயே தங்கிவிடும். முகம் இருக்கும், புள்ளி புள்ளியாக.

அப்படியானால் சாதாரண லென்ஸோடு எச்.டி.ஆர். சென்சார் வாங்குவது வீண்செலவா? அல்ல. 2007இல் ஜான் மெக்கானும் அலெசாண்ட்ரோ ரிஸ்ஸியும் இந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். பல பதிவுகளை இணைத்தாலும், லென்ஸின் ஒளிக்கசிவால் காட்சியின் உண்மையான ஒளி அளவுகள் கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். படம் மேம்படுகிறது என்பதையும் மறுக்கவில்லை. இல்லாவிட்டால் வெளுத்துப் போயிருக்கும் பகுதிகளின் விவரம் காப்பாற்றப்படுவதால் வரும் மேம்பாடு அது. வாசலுக்கு வெளியே நிற்பவரையும் உள்ளே நிற்பவரையும் ஒரே படத்தில் ஓரளவேனும் காண்பது சிறிய ஆதாயமல்ல. ஆனால் ஓடும் வாகனத்தில் இணைக்கும் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நம்பர் பிளேட்டில் நிழலிரட்டை விழுவது சென்சாரின் தனிக்குறை; நல்ல லென்ஸ் அதைத் தீர்க்காது.

லென்ஸைச் சென்சாருக்குப் பொருத்துவது ஒளிக்கசிவோடு முடிவதுமில்லை. பிக்சல் ஒவ்வொன்றின் மேலும் நுண்லென்ஸ் உண்டு. படத்தின் ஓரங்களில் கதிர் எந்தச் சாய்வில் வரும் என்று கணித்து அதை நகர்த்தி வைத்திருப்பார்கள். அந்தச் சாய்வுக்குப் பொருந்தாத லென்ஸ் மாட்டினால் மூலைகள் இருண்டு நிறம் திரியும். அடுத்தது துளை. எஃப்/2.8 துளையில் விளிம்பு விளைவால் பச்சை ஒளியின் புள்ளி ஏறத்தாழ 3.8 மைக்ரான் விட்டம் பெறுகிறது. 2 மைக்ரான் பிக்சல் சென்சாருக்கு அதுவே அதிகம். துளையை அகலமாகத் திறந்தால் புள்ளி சுருங்கும், இரவு வெளிச்சமும் கூடும். ஆனால் லென்ஸின் பிற பிழைகள் வெளியே வரும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

பொருத்தும் முறைக்கும் குறை உண்டு. ஒளிக்கசிவை அளக்க ஐ.எஸ்.ஓ. 9358 என்ற தரநிலை 1994 முதல் இருக்கிறது. ஆனால் அளப்பது ஆய்வகத்தில், துடைத்த லென்ஸில். திண்டிவனம், வானூர் வட்டாரக் கல்குவாரித் தூசும் மார்கழிப் பனியும் கேமராவின் முன்கண்ணாடியில் படிந்தபின், விலையுயர்ந்த பூச்சின் ஆதாயத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பவர், அதைத் துடைக்கும் ஆளுக்கும் கொடுத்தாக வேண்டும்.

வாங்கும் விவரக்குறிப்புகளில் ஒளிக்கசிவு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மெகாபிக்சலும் டெசிபலும் இருக்கும். லென்ஸ் பற்றிக் குவிதூரம் மட்டும் இருக்கும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சிசிடிவி விதிகள் கேமராவின் தகவல் பாதுகாப்பைச் சோதிக்கச் சொல்கின்றன; படத்தின் ஒளிக்கசிவு அவற்றின் அக்கறை அல்ல. எனவே வாங்குபவரே கேட்க வேண்டும். 140 டெசிபல் சென்சாருக்குக் கூடுதல் பணம் தருவதைவிட, 100 டெசிபலோடு நல்ல பூச்சுள்ள லென்ஸும் சூரியனை மறைக்கும் கூரையும் விளக்குகளை நேர்நோக்காத கோணமும் அதிகம் தரும். ஹெட்லைட் எதிரே வரும்போது எடுத்த படத்தைக் காட்டச் சொல்லி, அந்த விளக்குக்குப் பக்கத்தில் எண் படிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குவதே பெட்டியின் மேலுள்ள எண்ணைவிட நம்பத்தக்க சோதனை.