நிழலை மறந்த ஒளி

தென் பிரான்சில், பிரெனீஸ் மலைகள் மத்தியதரைக் கடலைத் தொடும் இடத்தில், ஸ்பானிய எல்லைக்கு அண்மையாக உள்ளது கொலியூர் என்னும் சிற்றூர். மஞ்சளும் இளஞ்சிவப்பும் காவியும் பூசிய சுவர்கள், நீலமும் பச்சையுமான யன்னற் கதவுகள், கடலுக்குள் கால்வைத்து நிற்கும் தேவாலயம், வண்ணம் தீட்டிய வள்ளங்கள் ஆகியவற்றைக் கண்டு மயங்காதார் அரியர். இம்மயக்கத்துக்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயின், எதைக் கண்டு மயங்குகிறோம் என்று கேட்பது விமரிசகனின் கடமையாகும்.

இத்தகைய அழகைப் பற்றிய விவாதங்களில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. அழகுக்கு வரலாறு வேண்டியதில்லை என்பார் ஒரு சாரார். வண்ணத்தில் மூழ்கியவன் மக்களை மறந்தவன் என்று ஒரே வரியில் தீர்ப்பளிப்பார் மறு சாரார். இவருள் நம்மவரும் உளர். கொலியூரின் கதை இரு சாராரும் சிந்திக்கத் தக்கது.

முதலில் அவ்வூரின் கட்டடங்களை நோக்குவோம். துறைமுகத்தை அழுத்தி நிற்கும் அரச கோட்டை மயோர்க்கா மன்னர் காலத்துப் பெருமையைக் காட்டுவது. 1659-இல் இப்பிரதேசம் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. பதினான்காம் லூயியின் படைப் பொறியியலாளர் வோபன் கோட்டையை விரிவாக்கியபோது பழைய மேலூரும் அதன் தேவாலயமும் இடிக்கப்பட்டன. இன்று ஓவியம்போல் நீரோரத்தில் நிற்கும் தேவாலயம், அவ்விடிப்பின் பின்னர் 1684-க்கும் 1691-க்கும் இடையில் எழுந்தது. துறைமுகத்தின் பழைய கலங்கரை விளக்கமே அதன் மணிக்கோபுரமாயிற்று. நாம் வியக்கும் காட்சியின் அமைப்பில் ஓர் அரசின் போர்த் தேவையும், வீடிழந்த மக்களின் இடப்பெயர்வும் அடங்கியுள்ளன. மூரே என்னும் மீனவர் குடியிருப்பின் செங்குத்தான படிகளிலும் ஒடுங்கிய சந்துகளிலும் நெருங்கி வாழ்ந்தவர்கள் பயணியின் கண்ணுக்காக அவற்றை அமைத்தாரல்லர்.

1905 கோடையில் ஹென்றி மத்தீஸ் என்ற ஓவியர் இங்கு வந்து தங்கினார். அந்திரே டெரேன் அவருடன் சேர்ந்துகொண்டார். கண்ட நிறத்தை விடுத்து உணர்ந்த நிறத்தைத் தீட்டத் துணிந்தனர். அவ்வாண்டு பாரிசில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் அவற்றைக் கண்ட விமரிசகர் லூயி வோசெல், 'காட்டு விலங்குகள்' என்ற சொல்லை வழங்கினார். ஏளனமாக வந்த அச்சொல்லே ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. மத்தீஸின் 'திறந்த யன்னல்' என்ற ஓவியத்தில், பூச்சாடிகளுக்கு அப்பால் இளஞ்சிவப்பு அலைகளில் வள்ளங்கள் ஆடுகின்றன. ஐரோப்பிய ஓவியத்தைப் பழைய மரபின் தளையிலிருந்து விடுவித்த முயற்சி இது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்பது அறியாமையேயாம்.

எனினும், கொலியூரின் ஒளி நிழல்களையே ஒழித்துவிடுகிறது என்று டெரேன் அக்கோடையில் தம் நண்பர் விளாமிங்குக்கு எழுதினார். ஓவியருக்கு அது விடுதலை. நமக்கோ அங்குதான் ஐயம் பிறக்கிறது. டெரேனின் 'பாய் உலர்த்தல்' என்னும் ஓவியத்தில் பாய்கள் சுடர்விடுகின்றன, மனிதர் நிறத்தீற்றல்களாகவே தோன்றுகின்றனர், முகங்கள் துலங்குவதில்லை. அப்பாய்கள் எதற்காக உலர்ந்தன? முக்கோணப் பாய் விரித்த வள்ளங்களில் ஆண்கள் நெத்தலி பிடிக்கச் சென்றனர். கரையில் பெண்கள் மீனின் தலையையும் குடலையும் கையாற் களைந்து, பீப்பாய்களில் மீனும் உப்பும் அடுக்கடுக்காக இட்டுப் பல வாரங்கள் பதப்படுத்தினர். உப்பு அரித்த அவ்விரல்கள் அக்கோடையின் புகழ்பெற்ற ஓவியங்களில் இடம்பெறவில்லை.

ஒழிந்த நிழல் மீண்டும் வந்தது. 1914 செப்டெம்பரில், போர் மூண்டு ஒரு மாதமான வேளையில், மத்தீஸ் அதே ஊரில் மீண்டும் ஒரு யன்னலைத் தீட்டினார். இம்முறை அதன் நடுவே கடலில்லை, வள்ளமில்லை, கருமை மட்டுமே. முன்பு தீட்டிய கைப்பிடிக் கம்பிகளின் தடம் கருமைக்கடியில் இன்றும் தெரிகிறது. அவர் உயிரோடிருந்தவரை அது காட்சிக்கு வைக்கப்படவில்லை. கருமைக்குப் போர் ஒன்றே பொருள் என்று நாம் வலிந்துரைக்க வேண்டியதில்லை. 1905-இன் யன்னலை அதனருகில் வைத்துப் பார்த்தலே போதும்.

1939-இன் தொடக்கத்தில் பிராங்கோவின் படைக்குத் தப்பி ஏறத்தாழ 5 இலட்சம் ஸ்பானிய மக்கள் எல்லையைக் கடந்தனர். அவருள் ஒருவர் கவிஞர் அந்தோனியோ மச்சாடோ. கொலியூரின் சிறு விடுதியொன்றில் அவர் பெப்ரவரி 22-ஆம் நாள் இறந்தார். மூன்று நாட்களின் பின் அவர்தம் தாயாரும் மறைந்தார். குடியரசுக் கொடி போர்த்திய அவர் பேழையைக் குடியரசுப் படைவீரர் சுமந்தனர். அடுத்த மாதம் அரச கோட்டை தண்டனை முகாமாயிற்று. ஸ்பானியக் குடியரசினரும் சர்வதேசப் படையணியினரும் அங்கு அடைக்கப்பட்டனர். உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் மதில்களே அவை.

இன்று கொலியூரில் மீன்பிடித் தொழில் ஏறக்குறைய இல்லை; படகுகள் அயலிலுள்ள போர்-வாந்திரிற்குச் சென்றுவிட்டன. கரையில் நிற்கும் வண்ண வள்ளங்கள் நினைவுப் பொருள்கள். மத்தீஸும் டெரேனும் நின்று தீட்டிய இடங்களில் அவர்தம் ஓவியங்களின் பிரதிகள் நிறுத்தப்பட்டுள்ளன. பயணி முதலில் பிரதியைப் பார்க்கிறான். பின்பு அதற்கு ஒப்பாக இருக்கிறதா என்று ஊரைப் பார்க்கிறான். 2004-இல் கொலியூர் நெத்தலிக்குச் சட்டப் பாதுகாப்புடைய பெயர் கிடைத்தது. பதனிடும் கைத்திறன் வாழ்வது மகிழ்ச்சியே. ஆயின் பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு பிடித்தவனின் தொழிலுக்குக் கிடைக்கவில்லை. உழைப்பு வெளியேறிய பின்னர் அதன் வண்ணம் மட்டும் விற்பனைக்கு எஞ்சியுள்ளது.

ஆகவே வண்ணத்தைப் பழிப்பது நம் வேலையன்று. அவ்வண்ணம் மக்கள் வாழ்ந்த சுவர்களிலும் மக்கள் செலுத்திய வள்ளங்களிலும் படிந்தது. அதன்மேல் அவர்களுக்கே முதல் உரிமை. மச்சாடோவின் கல்லறையருகே ஒரு தபாற்பெட்டி உண்டு. இறந்த கவிஞருக்கு மக்கள் இன்னும் கடிதம் எழுதுகின்றனர். அவ்வூரின் அழகைப் பேச விரும்புவோர் கடற்கரையோடு நின்றுவிடாது அக்கல்லறைவரை நடத்தல் வேண்டும். உப்புப் பீப்பாய்களையும் முகாம் மதில்களையும் கடந்து செல்வதே அதற்குரிய வழி.