முன்கள வீரரின் கணக்கு: ஓவன் காய்லும் சென்னையின் எஃப்சியும்

ஐரிஷ் தேசியக் கால்பந்து அணிக்கு ஆடிப் பின்னர் மேலாளரானவர்களுள் தமிழ்நாட்டு ரசிகர்கள் மிக நெருக்கமாக அறிந்தவர் ஓவன் காய்ல். சென்னையின் எஃப்சி அணியை 2019 டிசம்பரிலும் மீண்டும் 2023-இலும் பொறுப்பேற்று நடத்திய அவருடைய ஆட்டமுறையைப் புரிந்துகொள்ள, அவர் எத்தகைய ஆட்டக்காரராக இருந்தார் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 1966-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்த காய்ல், பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வழியாக உரிமையுள்ள நாட்டுக்கு ஒருவர் ஆடலாம் என்ற பன்னாட்டு விதியின்படி அயர்லாந்தின் பச்சைச் சட்டையை அணிந்தார். ஆனால் அவர் ஆடியது ஒரே ஒரு பன்னாட்டு ஆட்டம். 1994 ஏப்ரலில் நெதர்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்திலும் கடைசிக் கட்டத்தில் மாற்று வீரராகவே களமிறங்கினார்.

காய்ல் ஒரு முன்கள வீரர். அதாவது எதிரணியின் கோல் எல்லையை ஒட்டி நின்று, பந்தை வலைக்குள் சேர்ப்பதையே முதற்கடமையாகக் கொண்டவர். 1995 மே மாதம், பிரீமியர் லீக்குக்கு உயர எஞ்சியிருந்த ஓர் இடத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் இறுதியாட்டம் வெம்ப்ளி அரங்கில் நடந்தபோது, அவர் ஆடிய போல்டன் அணி பன்னிரண்டாம் நிமிடத்திற்குள் ரெடிங் அணியிடம் இரண்டு கோல் பின்தங்கியது. ரெடிங்குக்குக் கிடைத்த பெனால்ட்டியைக் கோல்காப்பாளர் கீத் பிரானகன் தடுத்தார். ஆட்டம் முடியக் கால் மணி நேரமே இருந்த நிலையில் போல்டனின் முதல் கோலை அடித்தவர் காய்ல். கூடுதல் நேரம்வரை நீண்ட ஆட்டத்தை போல்டன் 4-3 என்று வென்றது. பின்தங்கிய அணி முன்னேறித் தாக்கியே மீளும் என்ற அந்த அனுபவத்தின் சாயல் அவருடைய மேலாளர் வாழ்க்கை நெடுகிலும் தெரிகிறது.

பிரிட்டனில் மேலாளர் என்பவர் பயிற்சி அளிப்பதோடு ஆடும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதிலும் வீரர்களை வாங்குவதிலும் செல்வாக்கு உடையவர். அந்தப் பொறுப்பில் அவர் 2009-இல் பர்ன்லி அணியை 33 ஆண்டுகளுக்குப் பின் முதல்நிலைப் பிரிவுக்கு உயர்த்தினார். 2010 ஜனவரியில் போல்டனுக்கே மேலாளராகத் திரும்பினார். ஆனால் அவ்வணி 2012-இல் தரமிறங்கியது. விகன், அமெரிக்காவின் ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி ஆகிய இடங்களில் அவர் நிலைக்கவில்லை. இந்தியாவில் அவருடைய பெரிய வெற்றி ஜாம்ஷெட்பூரில் வந்தது. லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்குரிய கேடயத்தை, பிளே-ஆஃபில் தீர்மானிக்கப்படும் கோப்பையிலிருந்து வேறான அந்தப் பரிசை, 2021-22 பருவத்தில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகளுடன் அவ்வணி வென்றது. சென்னைக்கு அவர் திரும்பிய பின் 2023-24-இல் ஆறாம் இடமும் பிளே-ஆஃபும் கிடைத்தன. அடுத்த பருவத்தில் 13 அணிகளுள் 11-ஆம் இடமே எஞ்சியது. 2025-இல் அவர் விடைபெற்றார்.

ஆயினும் அவருடைய முறையின் வலிமையையும் அதற்குக் கொடுக்க நேரும் விலையையும் ஒருங்கே காட்டுவது சென்னையின் 2019-20 பருவமே. முந்தைய மேலாளர் ஜான் கிரகரி விலகியபோது அணி ஆறு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகள் பெற்றிருந்தது. காய்லின் கீழ் எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளிகள் சேர்த்து நான்காம் இடத்தில் முடித்து அரையிறுதிக்கு முன்னேறியது. பந்தை இழந்த இடத்திலேயே எதிராளியை நெருக்கி அதை மீட்கும் பிரஸ்ஸிங் முறை அங்கு வேரூன்றியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரக் கொடைக்கானலின் குளிரில் ஓடிப் பழகியவர்கள் சென்னை நேரு விளையாட்டரங்கின் புழுக்கத்தைக் கற்பனை செய்துபார்த்தால், இம்முறை கால்களிடம் எவ்வளவு கேட்கிறது என்பது விளங்கும். நெரிஜஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன், அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார். வேகம் மிக்க சாங்தேவுக்குப் பக்கவாட்டில் திறந்த வெளி கிடைத்தது. நடுக்களத்தில் ரஃபேல் கிரிவெல்லாரோவும் அனிருத் தாபாவும் இவ்விருவருக்கும் பந்து ஊட்டினர்.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று வீழ்த்திய அணி, மறு ஆட்டத்தில் 21 நிமிடங்களுக்குள் இரண்டு கோல் வாங்கியது. எஞ்சிய ஒரே கோல் முன்னிலையைக் காக்கத் தடுப்பாட்டக்காரர்களைக் குவிப்பதே பெரும்பாலான பயிற்றுநர்கள் எடுக்கும் முடிவு. காய்லின் அணியோ இடைவேளைக்குப் பின் சாங்தே, வால்ஸ்கிஸ் வழியாக இரண்டு கோல் அடித்தது. இறுதியில் மேலும் இரண்டை விட்டுக்கொடுத்தும் 6-5 என்ற மொத்தக் கணக்கில் தேறியது. சற்றே பதுங்கியிருந்தால் மொத்தக் கணக்கில் சென்னை தோற்று வெளியேறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், அது துணிச்சல் மட்டுமன்று, சரியான கணிப்பும் ஆகும்.

2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத கோவாவின் ஃபடோர்டா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், ஏடிகே அணியிடம் சென்னை மறுபடியும் இரண்டு கோல் பின்தங்கியது. 69-ஆம் நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பியபோது வெம்ப்ளியின் பழைய கணக்கு மீண்டும் எழுந்தது. சமன் செய்ய அணி முழுவதும் முன்னேறியது. பின்னால் திறந்துகிடந்த வெளியில் ஹாவி ஹெர்னாண்டஸ், காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில், மூன்றாவது கோலை அடித்தார்.