இயற்கைக்கு இரவல் குரல்

2024 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் 13 உயிரினங்களுக்குப் பேச்சு வந்தது. டோடோ பறவையின் எலும்புக்கூடு, துடுப்புத் திமிங்கிலம், சிவப்புப் பாண்டா, கரப்பான்பூச்சி எல்லாம் அதில் அடக்கம். பார்வையாளர்கள் கைபேசியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கேள்வி கேட்க முடிந்தது. செயற்கை நுண்ணறிவு அந்தப் பிராணியாகவே நின்று, "நான்", "என் இனம்" என்று பதில் சொன்னது. எத்தனையோ அறிக்கைகளுக்கும் அசையாத மனங்களை ஓர் உரையாடல் அசைத்துவிடும் என்பதே இம்முயற்சியின் பின்னுள்ள நம்பிக்கை.

அதே ஆண்டு பிப்ரவரியில் கோவை மதுக்கரையில் தமிழக வனத்துறை வேறொன்றைத் தொடங்கியது. ரயில் பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டறிந்து எச்சரிக்கும் கேமரா ஏற்பாடு அது. அதில் யானை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

இந்த இரண்டு வகை முயற்சிகளையும் "இயற்கைக்குக் குரல் கொடுத்தல்" என்று ஒரே பட்டியலில் சேர்த்துப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதலாவது இயற்கையின் பெயரால் பேசுகிறது; இரண்டாவது இயற்கையைக் கவனிக்கிறது. கவனிக்கும் கருவி தவறினால் உடனே பிடிபடும். பேசும் கருவி தவறினால் பிடிபடவே வழியில்லை. குரல் கொடுக்கும் நடைமுறையின் பலத்தையும் பலவீனத்தையும் இங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

மதுக்கரையை முதலில் பார்ப்போம். எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே ஏ, பி என இரண்டு தண்டவாளங்கள் யானைகளின் வலசைப் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. 2008 முதல் அங்கே 11 யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்ததாக வனத்துறைக் கணக்கு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் மடிந்தன. 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் இப்போது அங்கே நிற்கின்றன. இருட்டில் உடல் சூட்டை உணரும் கேமரா புதருக்குள் இருக்கும் உருவத்தைப் பிடிக்கிறது. அது யானையா, வேறு விலங்கா என்று மென்பொருள் பிரித்தறிகிறது. யானை என்றால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில்வேக்கும் களப் பணியாளர்களுக்கும் போகும். ரயில் வேகம் குறைக்கும். பணியாளர்கள் யானையைத் திருப்பிவிட விரைவார்கள்.

இதன் பலம் கேமராவின் கூர்மையில் மட்டும் இல்லை. மென்பொருள் சொன்னது சரியா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, எச்சரிக்கை வந்ததும் செயல்படக் கடமைப்பட்ட ஆட்கள் மறுமுனையில் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் கோபுரத்துக் கேமரா யானையின் சாவையும் துல்லியமாகப் படம்பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

இப்படிச் சரிபார்க்க இடம்கொடுக்கும் நேர்மைக்கு ஆய்வுக் களத்திலும் நல்ல சான்று உண்டு. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்வொலியில் யானைகள் பேசிக்கொள்வதை 1980களில் ஆய்வாளர் கேட்டி பெய்ன் கண்டறிந்தார். 2024 ஜூனில் ஆய்வாளர் மைக்கேல் பார்டோவும் குழுவினரும் கென்யாவின் அம்போசெலி, சம்புரு பகுதிகளில் பதிவான 469 அழைப்பொலிகளை இயந்திரக் கற்றல் மூலம் ஆராய்ந்து, யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற ஒலிகளால் அழைக்கின்றன என்று வெளியிட்டார்கள். எந்த யானையை நோக்கிய அழைப்பு என்பதை மென்பொருள் 27.5 விழுக்காடு முறைதான் சரியாகச் சொன்னது. குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட இது வெகுவாக அதிகம் என்றாலும், நான்கில் ஏறக்குறைய மூன்று முறை தவறுதான். அவர்கள் அந்த எண்ணை மறைக்கவில்லை. 17 யானைகளுக்கு ஒலிபெருக்கியில் அழைப்புகளை ஒலிக்கவிட்டும் பார்த்தார்கள். தன்னை நோக்கிய அழைப்பைக் கேட்ட யானை, பிற யானைகளுக்கான அழைப்பைக் கேட்டதைவிட விரைந்து நெருங்கியது, பதில் குரல் கொடுத்தது. கருதுகோளை யானையிடமே சரிபார்த்தார்கள் என்று சொல்லலாம்.

பேசவைக்கும் தரப்புக்கும் நியாயம் உண்டு. மனிதர்கள் புள்ளிவிவரத்துக்கு உருகுவதில்லை, குரலுக்கு உருகுகிறார்கள். 1970இல் உயிரியலாளர் ரோஜர் பெய்ன் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடல்களை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். 1979இல் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அதன் பகுதிகளை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளோடு இணைத்து அனுப்பியது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்க 1982இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வாக்களித்ததற்குப் பின்னால் இருந்த மக்கள் உணர்ச்சியில் அந்தப் பாடல்களுக்கும் பெரும் பங்குண்டு. குரல் கொள்கையை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அன்று உலகம் கேட்டது திமிங்கிலத்தின் சொந்தக் குரலை. அதற்கு யாரும் வசனம் எழுதவில்லை.

டோடோவின் நிலை அப்படியல்ல. அது எப்படிக் கூவியது என்பதே யாருக்கும் தெரியாது. மொரீஷியஸில் 17ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன பறவை. மிஞ்சியவை பெரும்பாலும் மாலுமிகளின் குறிப்புகளும் சில ஓவியங்களும் எலும்புகளும்தான். அருங்காட்சியகத்து டோடோ சொல்வதெல்லாம் நாம் எழுதிவைத்ததை நம்மிடமே தன்மை ஒருமையில் ஒப்பிப்பது. தகவல் அளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் "மனிதர்கள்மேல் எனக்குக் கோபமில்லை" என்று ஒரு டோடோ சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதை ஒப்பவும் சான்றில்லை, மறுக்கவும் சான்றில்லை. அருங்காட்சியகத்தில் இதனால் பெரிய கேடு விளையாது. எலும்புக்கூடு பேசாது என்பது குழந்தைக்கும் தெரியும். யாரும் விரும்பாத கரப்பான்பூச்சிக்கும் இடம் கொடுத்ததைப் பாராட்டவும் வேண்டும். இதே உத்தி முடிவெடுக்கும் மேசைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆற்றின் சார்பில், காட்டின் சார்பில் ஒரு சாட்பாட் கருத்துச் சொன்னால் அதை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

இயற்கை என்பது ஒரே கட்சியும் அல்ல. ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தைக் கெடுக்கும் அந்நிய மரம் என்று அதை அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசும் கொள்கை வகுத்தது. அதே மரத்தில்தான் பல கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கும் அதுதான் பிழைப்பு. இதில் இயற்கையின் குரல் எது? சீமைக் கருவேலமா, அது வளைத்துக்கொண்ட கண்மாயா, கிளையில் அமர்ந்த நாரையா? மனிதர்கள் வாதாடி, பொறுப்பேற்று எடுக்க வேண்டிய முடிவு இது. ஒரு மென்பொருள் "நான் இயற்கை பேசுகிறேன்" என்று தொடங்கும்போது, எந்த நாரையை விட்டு எந்தக் கண்மாயைத் தேர்ந்தது என்பது திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதற்குக் கட்டளை எழுதியவரின் சாய்வு இயற்கையின் சாய்வாக அரங்கேறுகிறது. காட்டைத் தோண்ட வரும் சுரங்க நிறுவனமும் தன் செலவில் அந்தக் காட்டுக்கு ஒரு குரல் வாங்கித் தரலாம். சமாதானமாகப் பேசும் காடாகத்தான் அது இருக்கும்.

மனிதரே இயற்கைக்காகப் பேசும் முறைகளில் இந்தக் குறைக்கு ஓரளவு மருந்து உண்டு. நியூசிலாந்தில் வாங்கனுய் ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக 2017இல் ஏற்றபோது, அரசு முன்மொழியும் ஒருவரும் ஆற்றோர மாவோரி மக்கள் முன்மொழியும் ஒருவருமாக இரண்டு பேரை அதன் முகமாக நியமிக்க வழிசெய்தார்கள். அவர்கள் பிழை செய்தால் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். இங்கே 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வின் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னைக்குச் சட்டப்படியான நபருக்குரிய உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கின் பின்னணி கவனிக்கத்தக்கது: மேகமலைப் பகுதியில் வனநிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் துறை நடவடிக்கைக்கு ஆளான வருவாய்த் துறை அலுவலரின் வழக்கு அது. காடு பேசாததால் அங்கே தவறு நடக்கவில்லை. கையெழுத்துப் போடக் கூடாத இடத்தில் ஒரு கை கையெழுத்துப் போட்டது.

கவனிக்கும் கருவிகளும் குற்றமற்றவை அல்ல. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி திரிசாந்த் சிம்லாய், கிறிஸ் சாண்ட்புரூக் ஆகியோர் நடத்திய ஆய்வு 2024 நவம்பரில் வெளியானது. வனவிலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்களைக் கண்காணிக்கப் பயன்பட்டதை அது பதிவுசெய்தது. காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் சமூக ஊடகத்தில் சுற்றியது; ஊரார் ஆத்திரத்தில் கேமராக்களை உடைத்தார்கள். விலங்குகள் விலகிப் போகட்டும் என்று சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்த பெண்கள், கேமராவுக்குக் கூசிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இயற்கைக்குக் குரல் தேடப் போய், இயற்கையோடு வாழ்பவர்களின் குரலை அடைத்த கதை இது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு இடம் தந்திருக்கிறது. காட்டைப் பற்றி அறிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே தொழில்நுட்பத்தை ஒதுக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். "இயற்கைக்குக் குரல்" என்று எந்தத் திட்டம் வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்: இது சொல்வது தவறென்று யாரால், எதை வைத்து நிரூபிக்க முடியும்? இது சொன்ன பிறகு செயல்படக் கடமைப்பட்டவர் யார்? மதுக்கரைக் கேமரா இரண்டுக்கும் பதில் சொல்கிறது. கார்பெட் கேமரா, யாரைப் பார்க்கலாம் யாரைப் பார்க்கக் கூடாது என்ற மூன்றாவது கேள்வியையும் சேர்க்கச் சொல்கிறது. பேசும் டோடோ முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கல்விக் கருவியாக வைத்துக்கொள்ளலாம், கொள்கை ஆலோசகராக அல்ல. வனத்துறைக்கு ஒதுக்க ஒரு கோடி ரூபாய் இருந்தால், காட்டைப் பேசவைக்கும் செயலியைவிட, காடு ஏற்கெனவே சொல்லிவிட்டதன்படி நடக்கும் ஆட்களுக்கு அதைச் செலவிடுவதே அறிவுடைமை.