ஒட்டுத் தெரியாத விமானம்

ஆறடி மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1/72 அளவு வந்துவிடும். 1930களில் பிரிட்டனில் 'ஸ்கைபேர்ட்ஸ்' மர விமானக் கிட்டுகள் பிரபலமாக்கிய இந்த அளவையே, 1936இல் பிளாஸ்டிக் கிட்டுகளை விற்க வந்த 'ஃபிராக்' நிறுவனமும் எடுத்துக்கொண்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் மரத்தில் செதுக்கிக் கருப்பு பூசிய மாதிரிகளைக் கேட்டதும் இதே அளவில்தான். 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், அரை மைல் தொலைவில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். வீரர்கள் எதிரியை அடையாளம் காணப் பழகியது இவற்றை வைத்துத்தான். உருவரை பிசகினால் சொந்த விமானமே சுடப்படலாம். ஆகவே விமான மாதிரிக் கலையின் முதல் இலக்கணம் வடிவம். வண்ணம் பிறகு வந்தது.

போருக்குப் பின் 1950களில் ஏர்ஃபிக்ஸின் ஸ்பிட்ஃபயர் கிட் வந்தது. இறக்கை நுனிக்கு நுனி 16 சென்டிமீட்டர்கூட இருக்காது. கிட்டைப் பிரித்து, ஹம்ப்ரால் எனாமலைத் தூரிகையால் பூசி, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று ஆவணங்களைத் துருவுவதே இக்கலையின் பிரிட்டிஷ் பள்ளி. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய மாதிரி செய்வோர் சங்கமான ஐ.பி.எம்.எஸ். பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

ஜப்பானியப் பள்ளியின் தாயகம் ஷிசுவோகா மாகாணம். டாமியாவும் ஹசெகாவாவும் அங்கேதான். டாமியா 1946இல் மரக்கடையாகத் தொடங்கிய நிறுவனம். பாகங்கள் பசையில்லாமலே கவ்விக்கொள்ளும் அந்தத் துல்லியத்துக்குப் பழகிய கை, பழைய கிட்டைத் தொடவே யோசிக்கும். செக் நாட்டு எடுவர்ட் நிறுவனமோ பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த இருக்கைப் பட்டை, கருவிப்பலகை என்று விமானி அறைக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிட்டது.

இன்று அதிகம் பேசப்படுவது ஸ்பானியப் பள்ளி. கவசவாகன மாதிரிகளில் வளர்ந்த முறை இது. தகட்டின் நடுவை வெளிறவைத்து, ஓரங்களை இருளடித்து, ஒவ்வொரு தகட்டுக்கோட்டிலும் கரும்பூச்சை ஓடவிடுவார்கள். புகைப்படத்தில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1/72 மாதிரியில் 0.3 மில்லிமீட்டர் கோடு என்றால், நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பிளவு! அப்படியொரு விமானத்தில் யார் ஏறுவார்?

பி-51 மஸ்டாங் இதற்கு நல்ல சோதனை. அதன் இறக்கைமீது காற்று வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே முன்பகுதி மூட்டுகளையும் ஆணித்தலைகளையும் புட்டியால் அடைத்துத் தேய்த்து, வெள்ளி வண்ணம் பூசிவிடுவார்கள். உடல்பகுதிதான் வெறும் உலோகம். எனவே மஸ்டாங் இறக்கை முழுக்கப் பளபளக்கும் உலோகமும் கருங்கோடுகளுமாகச் செய்து வைப்பவர், அந்த விமானத்தைப் பார்க்கவில்லை; வேறொருவர் செய்த மாதிரியைத்தான் பார்த்திருக்கிறார். அழகுக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தலாம் என்போரிடம் எனக்குச் சண்டையில்லை. மிகையே இலக்கணம் ஆகிவிடக்கூடாது.

மாதிரிப் போட்டிகளில் பரிசு தரும் முறையிலும் பள்ளிகள் உண்டு. மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துவது ஒன்று. ஒவ்வொன்றையும் அதனதன் தகுதிக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என எடைபோடுவது இன்னொன்று. எதுவானாலும் நடுவர் முதலில் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்குவார். இரு இறக்கைகளும் ஒரே கோணத்தில் ஏறுகின்றனவா, வால் சாய்ந்திருக்கிறதா, உடலின் முதுகில் ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். அடுத்தது டெக்கால் என்னும் ஒட்டுப்படம். சொரசொரப்பான மேட் வண்ணத்தின்மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னும். முதலில் பளபள வார்னிஷ், அதன்மேல் டெக்கால், கடைசியில் மேட் பூச்சு என்ற வரிசையைத் தாண்டக்கூடாது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏர்பிரஷ் வாங்க அவசரப்படாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல புட்டியும் நயமான உப்புத்தாளும் வாங்குங்கள். சாம்பல்நிற ப்ரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒட்டு தெரிந்தால் மறுபடி தேயுங்கள்.