யாருக்குத் திறக்கும் வாசல்?

2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய அஷ்க்ராஃப்ட் – இக்பால் தீர்ப்பை, பிராது எழுதும் முறைக்கு ஒரு பாடமாகவே சட்டம் பயின்றோர் படிக்கின்றனர். நமக்கு எழும் கேள்வி வேறு. விசாரணையே தொடங்காத ஒரு வழக்கு அந்த உயர்ந்த மன்றம்வரை சென்றது எவ்வாறு?

ஜாவித் இக்பால் பாகிஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின், அடையாள ஆவண மோசடி தொடர்பாகக் கைதாகி, புரூக்ளின் சிறையில் நாளொன்றுக்கு 23 மணி நேரம் பூட்டிவைக்கும் தனிப்பிரிவில் அடைக்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையை அனுபவித்து, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபின் 2004 மே மாதம் வழக்குத் தொடுத்தார். காவலர்கள் வயிற்றில் உதைத்தார்கள், பயங்கரவாதிகளுக்குத் தொழுகை கிடையாதென்று தடுத்தார்கள், தம் மதமும் இனமுமே இவற்றுக்குக் காரணம் என்பன அவருடைய முறையீடுகள். முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜான் அஷ்க்ராஃப்டும் எஃப்.பி.ஐ. இயக்குநர் ராபர்ட் முல்லரும் பிரதிவாதிகளுள் இருந்தனர். அவ்விருவர் மீதான வழக்கைத் தள்ளிவிட மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. உடனே அவர்கள் மேல்முறையீடு செய்தனர்.

இறுதித் தீர்ப்புக்குப் பின்னரே அப்பீல் என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பொதுவிதி. நல்ல விதிதான், ஒவ்வோர் இடைக்கால உத்தரவுக்கும் அப்பீல் என்றால் எந்த வழக்கும் கரை சேராது. 1949இல் கோஹென் வழக்கு இதற்கொரு சிறு விலக்கை வகுத்தது. 1985இல் மிட்செல் – ஃபோர்சைத் வழக்கு அதை அதிகாரிகளுக்கு நீட்டித்தது. தெளிவாக நிலைபெற்றுள்ள உரிமை எதையும் மீறாத அதிகாரி நட்டஈடு தரவேண்டியதில்லை என்றொரு காப்பு அங்குண்டு. அது விசாரணைக்கு ஆளாவதினின்றே காப்பது. விசாரணை நடந்து முடிந்தபின் அதனால் பயனென்ன? ஆகவே அக்காப்பை மறுக்கும் உத்தரவை உடனே மேலே கொண்டுசெல்லலாம் என்றனர் நீதிபதிகள்.

இவ்வாதத்தின் வலுவை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே காப்பை ஏற்று ஓர் அதிகாரியை நீதிபதி விடுவித்துவிட்டால், பிற பிரதிவாதிகள் எஞ்சியிருக்கும்வரை வாதி பொதுவாகக் காத்திருக்கவே வேண்டும். கேள்வி ஒன்றே, தோற்றவர் அதிகாரியென்றால் வாசல் திறக்கிறது, கைதியென்றால் அடைத்துக்கொள்கிறது. காத்திருப்பதால் மங்கும் சாட்சிகளின் நினைவும் வாதிக்கு இழப்பல்லவா?

1995இல் ஜான்சன் – ஜோன்ஸ் வழக்கு ஒரு வரம்பு கட்டியது. அடித்தார்களா இல்லையா என்னும் தகராறில் சான்று போதுமா என்பதை உடனே மேலே கொண்டுபோக முடியாது. சட்டக் கேள்வியை மட்டுமே கொண்டுபோகலாம். இக்பால் வழக்கிலோ, பிராதில் கூறியவை போதுமா என்பதும் சட்டக் கேள்வியே என்று நீதிபதி கென்னடி எழுதினார். காப்பைக் காக்கத் திறந்த வாசல் வழியே பிராது முழுவதும் அளந்து பார்க்கப்பட்டது. அவ்விருவர் மீது கூறியவை போதா என ஐவர் முடிவுசெய்ய, நால்வர் மாறுபட்டனர்.

சிறையில் நேர்ந்ததாகக் கூறப்பட்டவை மெய்ப்பிக்கப்பட்டால், சிலர் அரசியல் சட்டத்தை மீறியது வெளிப்படக்கூடும் என்று அத்தீர்ப்பே சொல்கிறது. எனினும் அவர்களைப் பற்றிய முறையீடு தம்முன் இல்லையென்று கடந்துபோகிறது. அன்றைக்குப் பிராது பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.