ஏலும் என்பதும் கேன் என்பதும்

சம்மாந்துறைக் கடைத்தெருவில் ஒருவரை நோக்கி, "நாளைக்கு வயலுக்கு வர ஏலுமா?" என்று வினவினால், பெரும்பாலும் ஒரு சொல்லிலேயே விடை வரும். "ஏலும்" என்பார், அன்றேல் "ஏலா" என்பார். எழுவாய் வேண்டா, வினையை மீட்டுங் கூற வேண்டா. பக்கத்திலுள்ள வீரமுனைச் சைவர்க்கும் இச்சொல் பொதுவானதே. நோயுற்றுக் கிடப்பாரையும் "ஏலாம இருக்கார்" என்றே சொல்லுவர். ஏல் என்னும் அடி நூல்வழக்கிலும் உண்டு. பொருந்துதல் என்பது அதன் பொருள். இயல் என்பதனோடு ஒலியானும் பொருளானும் நெருங்கியது. தமிழ்நாட்டார் "முடியும்" என்னுமிடத்து ஈழத்தார் வாய்மொழியில் "ஏலும்" என்பதே பெருவழக்கு.

இத்துணைச் செவ்வையாகத் தம் ஆற்றலையும் ஆற்றாமையையும் சொல்ல வல்ல மக்களின் பிள்ளைகள், ஆங்கிலத்தில் அதனையே எழுதப்புகுமிடத்து இடறி வீழ்வதேன்? பிள்ளைகளின் அறிவுக்குறை என்று நம் ஆசிரியருட் பலர் கூறுவர். யான் அவ்வாறு கருதுகிலேன். குறை அவர் கையிற் கொடுக்கப்பட்ட துணைநூல்களில் உள்ளது.

அந்நூல்கள் பலவற்றில் ஓர் அட்டவணை காணப்படும். கேன் என்பதற்கு நேரே "முடியும்" என்றும், குட் என்பதற்கு நேரே "முடிந்தது" என்றும் அதில் எழுதியிருக்கும். முடியும் என்பதன் இறந்தகாலம் முடிந்தது. கேன் என்பதன் இறந்தகாலம் குட். ஆகவே இரண்டும் ஒன்று என்பது நூலாசிரியர் கணக்கு. கணக்கு நேராய்த்தான் இருக்கிறது. மொழிதான் அக்கணக்கிற்கு உடன்பட மறுக்கிறது.

"பேருந்தைப் பிடிக்க முடிந்தது" என்று நாம் சொன்னால், பிடித்தாயிற்று என்பது பொருள். ஆங்கிலத்தில் குட் என்பது உடன்பாட்டு வாக்கியத்தில் அவ்வாறு உறுதி தருவதில்லை. ஆற்றல் இருந்தது என்பதை மட்டும் அது சொல்லும். செயல் நிகழ்ந்ததா என்பதைச் சொல்லாது. இளமையில் மரம் ஏறுவேன், பத்து வயதில் நீந்துவேன் என நெடுங்காலம் நிலைத்திருந்த வன்மையைச் சொல்லுங்கால் குட் பொருந்தும். ஒருநாள், ஒருமுறை, ஒரு செயலைச் செய்து முடித்தமையைச் சொல்ல, வாஸ் ஏபிள் டு என்றோ மேனேஜ்ட் டு என்றோ எழுதுதல் வேண்டும். அன்றிச் செயலையே இறந்தகாலத்திற் கூறிவிடலாம். எதிர்மறையில் இவ்வேறுபாடு இல்லை. குட் நாட் என்றால் செயல் நிகழவில்லை என்பது தெளிவு. காண்டல், கேட்டல் முதலிய புலன்வினைகளோடும் குட் தடையின்றி வரும். இவ்விலக்குகளையும் சேர்த்துக் கூறாமல் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்திவிடுதல் கற்பித்தலாகாது.

இப்பிழையின் விலையை யான் நேரிற் கண்டதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய கரையூர்களை அழித்தது. உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறை தப்பிற்று. அங்கு வந்து அடைக்கலம் புகுந்தோர் பலர். அடுத்த ஆண்டு, உதவி நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தரும் பணி எம்போன்ற ஆசிரியர்க்கும் மேல்வகுப்பு மாணாக்கர்க்கும் வந்து சேர்ந்தது. மீனவர் ஒருவர்க்காக மாணாக்கர் ஒருவர் எழுதியதில், படகு போயிற்று, இயந்திரத்தை மட்டும் மீட்க முடிந்தது என்னும் செய்தி குட் என்னும் சொல்லோடு வந்திருந்தது. சில கிழமைகளில் அத்தாள் திரும்பிற்று. ஓரத்தில் ஒரு வினா எழுதப்பட்டிருந்தது: இயந்திரத்தை எப்பொழுது மீட்க எண்ணியிருக்கிறீர்? வாசித்த அலுவலர்மீது யான் குறைகூறேன். மீட்கலாம் என்றே அவர் விளங்கிக்கொண்டார். அவர் மொழியில் அதுவே அச்சொல்லுக்கு இயல்பான பொருள். மீனவரோ, "கரையில கிடக்கிற இஞ்சினை இன்னும் எங்க போய் எடுக்கிற?" என்று எம்மைக் கேட்டார். மாணாக்கர் தலைகுனிந்து நின்றார். அவர் கற்ற நூலை எழுதியவரன்றோ நாணியிருத்தல் வேண்டும்?

இனி, கேன் என்னும் சொல்லின் பிறப்பை நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் கன்னன் என்பது அறிதல், தெரிதல் எனப் பொருள்பட்டது. சூழ்ச்சியறிவைக் குறிக்கும் கன்னிங் என்னுஞ் சொல்லும் அம்மரபினதே. ஆற்றலுக்குப் பண்டு வழங்கிய சொல் மே என்பது. வலிமையைக் குறிக்கும் மைட் என்னும் பெயர்ச்சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் நிற்கிறது. காலப்போக்கில் வலிமைச்சொல் இசைவுக்கும் ஐயத்துக்கும் ஒதுங்கிற்று; அறிவுச்சொல் ஆற்றலின் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. குட் என்பதன் எழுத்துக்கூட்டில் நிற்கும் லகரமோ, உட், ஷுட் என்பவற்றைப் பார்த்து இடையில் ஒட்டிக்கொண்டது, ஒலிப்பார் எவருமிலர். ஏபிள் என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கையாளுதற்கு எளியது என்பது அதன் முதற்பொருள்.

அறிவுச்சொல் ஆற்றலைக் குறிக்கும் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. "அவனுக்கு நீந்தத் தெரியும்" என்கிறோம். கற்றதனால் வந்த வன்மை அது. ஆற்றில் வெள்ளம் மிகுந்த நாளில் அவனே, "இன்றைக்கு நீந்த ஏலா" என்பான். தெரியும், ஆயின் ஏலாது. ஆங்கிலத்தில் இரண்டிடத்தும் கேன் ஒன்றே நின்று உழைக்கிறது. பிரெஞ்சியர் நம்மைப்போல் இரண்டாகப் பிரித்து, கற்ற வன்மைக்கு அறிதல் என்னும் வினையையும் அப்போதைய இயலுமைக்கு வேறொரு வினையையும் ஆளுவர். நெல்வயற் சிறுவன் ஒருவன் நாள்தோறும் செய்யும் பாகுபாட்டை, முடியும் என்ற ஒற்றைச் சொல்லுள் அடக்கி மழுக்கிவிட்ட பின்னரே துணைநூல் அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குகிறது.

தமிழிலும் இச்சொற்கள் நிலைமாறியுள்ளன. குறளில் இயலும் என்னும் பொருளில் ஒல்லும் என்பது வருகிறது. இன்று அது வழக்கிறந்தது. மாட்டேன் என்பது பண்டை நூல்களில் வலியிலேன் எனப் பொருள்பட்டது. இப்பொழுது விருப்பின்மையைச் சொல்லுகிறது. ஆற்றாமை மறுப்பாக மாறிய கதை சுவையுடையது; தனியே ஆராய்தற்குரியது. ஆயினும் ஈழத்தில், "எழும்பமாட்டாமல் கிடக்கிறார்" என்னுமிடத்துப் பழம்பொருள் உயிரோடிருக்கக் காணலாம்.

மற்றொரு வேறுபாடு இதனினும் ஆழமானது. ஆங்கிலத்தில் ஆற்றலுடையோன் எழுவாயாய் முன்னே நிற்பான். ஐ கேன் என்பான். நாமோ "எனக்கு ஏலும்" என நான்காம் வேற்றுமையிலும், "என்னால் முடியும்" என மூன்றாம் வேற்றுமையிலும் நம்மைச் சற்றே ஒதுக்கி வைக்கிறோம். சிங்களத்திலும் "மட்ட புளுவன்" என்பது எனக்கு இயலும் என்றே அமையும். ஆங்கும் எழுவாய்த் தோற்றம் இல்லை. தமிழன் பணிவுடையன், ஆங்கிலேயன் செருக்குடையன் என்று இதிலிருந்து முடிவுகட்டுவாரும் உளர். அது மேடைக்கு உதவும், இலக்கணத்திற்கு உதவாது. எனினும் கற்பிப்போர் இதனை எடுத்துக்காட்டினாலன்றி, மாணாக்கர் எழுத்தில் டு மீ என்னும் தொடர் ஆற்றலோடு ஒட்டிக்கொண்டு வருவதைத் தடுத்தல் அரிது.

முறையான எழுத்தில் கேன் தனித்து நில்லாமல் துணை தேடுமிடங்களும் உண்டு. சம்மாந்துறை மதரசா மாணாக்கர் எவர்க்கும் தெரிந்த சான்று ஒன்றைக் கூறலாம். ஹஜ் கடமை சக்தியுடையார்க்கு மட்டுமே. அச்சக்தியைக் குறிக்கும் இஸ்திதாஅத் என்னும் அறபுச் சொல்லுக்கு உடல்நலம், பொருள்வளம், வழியின் பாதுகாப்பு என்பனவெல்லாம் சேர்த்து உரை காண்பர். குர்ஆனை ஆங்கிலத்திற்குக் கொணர்ந்த பிக்தால் 1930இல் வழிகாண்டலைக் கருதி மொழிபெயர்த்தார். யூசுப் அலி அதே பத்தாண்டிற் செலவுதாங்குதலைக் கருதி மொழிபெயர்த்தார். இருவரும் கேன் என்பதை ஆண்டனர். இருவரும் அது போதாதென்று கண்டு மற்றொரு வினையை அதனோடு கூட்டினர். நம் ஊரில், "இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போக ஏலும்" என்று ஒரு பெரியவர் சொல்லின், மூன்றும் அதனுள் அடங்கிவிடும்.

சட்டத்திலும் அலுவலகத்திலும் நிலைமை வேறு. ஆற்றலுக்குக் கேன், இசைவுக்கு மே என்று 1755இல் வெளிவந்த தம் அகராதியிலேயே சாமுவேல் யோன்சன் பிரித்துக் காட்டினார். பேச்சில் இந்த வரம்பு உடைந்து நெடுங்காலமாயிற்று. உள்ளே வரலாமா என்று கேட்கும் ஆங்கிலச் சிறுவன் இன்று கேன் என்றே கேட்கிறான். சட்டவாசகத்தில் மட்டும் வரம்பு காக்கப்படுகிறது. மே என்றால் அதிகாரமுண்டு, ஆயின் கட்டாயமன்று. பணிவான வேண்டுகோளில் குட் வருவதையும் நம் மாணாக்கர் இறந்தகாலம் என்று மயங்குவர். "கொஞ்சம் தர ஏலுமா?" என்று அயல்வீட்டில் உப்புக் கேட்கும் பெண் தருபவரின் வலிமையையா ஆராய்கிறாள்? ஆங்கிலேயரும் அவ்வாறே; அதனைச் சற்று விலக்கிக் குட் என்று மென்மையாக்குவர்.

ஆங்கிலத்தைத் தமிழின் அளவைகொண்டு நோக்குதல் இப்பகுதிக்குப் புதுவழியன்று. சம்மாந்துறைக்கு அணித்தாகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில், செகசிற்பியாரின் நாடகங்களை நம் மரபின் கண்கொண்டு ஆராய்ந்தார். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட அடிப்படைத் தமிழ் இலக்கணம் இக்காலத் தமிழை இக்கால முறையில் விளக்கிற்று. இவ்விரு முயற்சிகளும் அருகிலிருக்க, துணைநூல் எழுதுவோர் இன்னும் பழைய அட்டவணையையே படியெடுத்து அச்சிடுகின்றனர்.

என் வகுப்பில் அவ்வட்டவணையைக் கிழித்துவிட்டு, தெரியும், ஏலும், கூடும், செய்யக்கூடியதாக இருந்தது, செய்திருக்கலாம் என்னும் ஐந்தனையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பேச்சிலிருந்து மாணாக்கரையே வாக்கியஞ் சொல்லச் செய்தேன். ஆங்கிலத்தை அதன்பின்னரே எடுத்தேன். செய்யக்கூடியதாக இருந்தது என்பதற்கு வாஸ் ஏபிள் டு என்பதையும், செய்திருக்கலாம் என்பதற்குக் குட் ஹேவ் என்பதையும் அவர்களே தேடிப் பொருத்தினர். கூடும் என்பதற்கு மே, மைட் இரண்டனுள் எது தக்கது என்று அன்று பிற்பகல் மணியடிக்கும்வரை வழக்கிட்டனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.