காட்சி கருதலாகுமா?

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1867-இல் முற்றுப்பெற்ற தம் ஒளியியல் நூலில், கண்ணுறும் ஒளியுணர்வு குறியே என்றும், அக்குறிகொண்டு பொருளையறிதல் உணராது நிகழும் அனுமானம் போல்வதென்றும் கூறினார். இதுகொண்டு காட்சியளவையைக் கருதலளவையுள் அடக்குதல் கூடுமோ என்பது ஆராயற்பாலது.

கருதல், ஏதுப் பழுதென்று தெளிந்தவழி நீங்குவது. புகையென்று கண்டதைப் பனியெனத் தெளிந்தவன் ஆண்டுத் தீயுண்டெனக் கருதான். முல்லர் லயர் 1889-இல் வெளியிட்ட இரு கோடுகளோ நீளத்தால் ஒத்தன. நுனிச் சிறுகோடுகள் உள்நோக்கி மடங்கியது குறுகியும், வெளிநோக்கி விரிந்தது நீண்டும் தோன்றும். அளவுகோலிட்டு ஒப்பென அறிந்த பின்னரும் அத்தோற்றம் அகலாது. இவ்வுண்மை ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் உடன்பாடே. 'உணராது' என்ற அடை அதுபற்றியே போலும். ஆயின், தெளிவாலும் திருந்தாத ஒன்றை அனுமானமெனல் பெயரளவே. அதனைக் காட்சித்திரிபென்றலே அமையும்.

அன்றியும், அடுக்களையிற் புகையும் தீயும் உடன்கண்டவனே மலையிற் புகைகண்டு தீயைக் கருதுவான். காட்சியும் கருதலாயின், அதற்கு முற்கண்ட காட்சி வேண்டும். அதுவும் கருதலாகி வரம்பின்றி ஓடும். சிவஞானசித்தியார் காட்சியைக் கருதலின் வேறாக வைத்து, வாயிற்காட்சி முதலாக நால்வகைப்படுத்தியதன் நன்மை ஈண்டு விளங்கும். மேனாட்டார் சோதனை கொள்ளற்பாலது. அதற்கிட்ட பெயரோ அளவையிட்டுக் கொள்ளற்பாலது.